செயின்சா கிராங்க் பேரிங்: அடிச்சு ஏத்துறதா, சூடு காட்டி இறக்குறதா?

வாசகர் கேள்வி பதில்

செயின் அரம் போடுறதப் பத்தி எழுதுனதுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே எடத்துல வந்து நிக்குது. பேரையூர், கள்ளிக்குடி பக்கம் சீமைக்கருவேலம் அறுக்குறவங்க, சோழவந்தான் பக்கம் தென்னை அறுக்குறவங்க, மேலூர் பக்கம் பட்டறை வச்சிருக்குறவங்கன்னு எல்லாருக்கும் கிராங்க் பேரிங்தான் தலைவலியா இருக்கு. பிஸ்டன் மேல கீழ போறத சுத்தா மாத்துற தண்டுதான் கிராங்க், அத ரெண்டு பக்கமும் தாங்கி சுத்த விடுறது இந்த பேரிங். அதுல உள் வளையம் இன்னர் ரிங், வெளி வளையம் அவுட்டர் ரிங், நடுவுல உருளுற குண்டுகதான் பால். அதனால இந்த தடவ முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன், மத்த கேள்விகளுக்கு அடுத்த இதழ்ல பதில் வரும், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி (பேரையூர் பக்கமிருந்து ஒரு வாசகர்): அண்ணே, காண்ட்ராக்ட்டுக்கு சீமைக்கருவேலம் அறுக்குறேன். 58 சிசி மெஷின், வாங்கி மூணாவது வருசம். கொஞ்ச நாளா கரகரன்னு ஒரு சத்தம், ரேஸ் விட்டா அதிகமாகுது. மூடியக் கழட்டிப் பாத்தா மேக்னட் வீலு காயில்ல ஒரசுன தடம் இருக்கு. கடையில கேட்டா இஞ்சின் போச்சு, புதுசு வாங்கிக்கங்கன்னு சொல்றாங்க. பேரிங் மட்டும் மாத்துனா ஓடுமாண்ணே?

பதில்: ஓடும் தம்பி, நல்லாவே ஓடும். ஆனா பேரிங் மட்டும்தான் போயிருக்கான்னு பாத்துட்டுத்தான் காசு போடணும். கிராங்க் முனையில சுத்துற மேக்னட் வீலுக்கும், பிளக்குக்கு கரண்ட் குடுக்குற காயிலுக்கும் நடுவுல சுமாரா 0.3 எம்எம் இடைவெளிதான் விடுவாங்க, ஒரு விசிட்டிங் கார்டு நுழையுற அளவு. அந்த இடைவெளியத் தாண்டி வீலு போய் காயில்ல ஒரசுதுன்னா, காயில் ஸ்க்ரூ லூசாகி இறங்கியிருக்கணும், இல்லன்னா கிராங்கே ஆடணும். மொதல்ல ஸ்க்ரூவப் பாருங்க. அது டைட்டா இருந்தா பிளக்க கழட்டுங்க, செயின், பார், கிளட்ச் எல்லாத்தையும் எடுத்துட்டு மேக்னட் வீல ரெண்டு கையால பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க. கைக்குத் தெரியுற அளவுக்கு ஆட்டம் இருந்தாலே பேரிங் முடிஞ்சுதுன்னு வச்சுக்கலாம். உள்ளயும் வெளியயுமா இம்மியளவு நகர்றது வேற, அதுக்கு பயப்பட வேணாம்.

அடுத்து சைலன்சரக் கழட்டிட்டு அந்த ஓட்ட வழியா டார்ச் அடிச்சு பிஸ்டனப் பாருங்க. கோடு கோடா கீறியிருந்தா பேரிங்குல பால்களப் பிடிச்சிருக்குற கூடு ஒடஞ்சு தூள் மேல போயிருக்கலாம், அப்ப பிஸ்டனும் சிலிண்டரும் சேத்து செலவு. கேசிங்க, அதாவது கிராங்க சுத்தி இருக்குற உலோகப் பெட்டியப் பிரிச்சதும், பிஸ்டனையும் கிராங்கையும் சேக்குற கனெக்டிங் ராடப் பிடிச்சு நேரா மேல கீழ இழுத்துப் பாருங்க, அதுல துளி ஆட்டமும் கூடாது, பக்கவாட்டுல கொஞ்சம் அசைஞ்சா பரவால்ல. நேரா ஆடுச்சுன்னா கீழ இருக்குற நீடில் பேரிங் போயிருச்சு. செயின்சா கிராங்க் பிரஸ் பண்ணி ஒண்ணா சேத்தது, அதனால முழு கிராங்க மாத்துறதுதான் வழி. இது எல்லாம் நல்லா இருந்தா உங்களுக்கு வேண்டியது பேரிங் ரெண்டு, கிராங்க் ஓரத்துல கசியாம அடைக்குற ஆயில் சீல் ரெண்டு, கேஸ்கட் செட்டு, அவ்வளவுதான். ஒரு பக்கம் மட்டும் போயிருந்தாலும் ரெண்டையும் சேத்தே மாத்துங்க, ஒரே எண்ணெயக் குடிச்சு ஒரே தூசியத் தின்னு ஓடுன பேரிங் ரெண்டும்.

கேள்வி (அலங்காநல்லூர் வாசகர்): 6202 பேரிங் கேட்டா ஒரு கடையில ரெண்டு பக்கமும் ரப்பர் மூடி போட்டத குடுத்தாங்க, கிரீஸ் உள்ளயே இருக்கு, தூசி போகாது, இதுதான் நல்லதுன்னாங்க. இன்னொரு கடையில மூடியே இல்லாம சி3ன்னு ஒண்ணு குடுத்தாங்க. எது போடணும்?

பதில்: மூடி இல்லாத சி3. இதுல ரெண்டு பேச்சே கிடையாதுங்க. செயின்சா டூ ஸ்ட்ரோக் இஞ்சின், பெட்ரோலோட கலந்து வர்ற 2டி ஆயில்தான் கிராங்க் கேசுக்குள்ள புகை மாதிரி பரவி பேரிங்க நனைக்குது. ரப்பர் மூடி போட்டா அந்த ஆயில் உள்ள போக முடியாது, ஆனா பெட்ரோல் மட்டும் ஓரத்துல கசிஞ்சு போயி உள்ள இருக்குற கிரீஸக் கழுவி எடுத்துரும், ரப்பரும் உப்பிப் போகும், அப்புறம் பேரிங் வறண்டு ஓடும். சீலிங் ஃபேனுக்கு மூடி போட்டது சரி, இதுக்கு சரி கிடையாது.

சி3ன்னா என்னன்னும் சொல்லிடுறேன், கடைக்காரங்க பாதிப்பேரு அது ஏதோ தரம்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. அது பாலுக்கும் ரிங்குக்கும் நடுவுல விட்டுருக்குற இடைவெளியோட அளவு. 15 எம்எம் ஓட்ட உள்ள சாதாரண பேரிங்குல அது 3 லேருந்து 18 மைக்ரான் (ஒரு எம்எம்ல ஆயிரத்துல ஒரு பங்கு) வரைக்கும் இருக்கும், சி3ல 11 லேருந்து 25 மைக்ரான். நீங்க கேசிங்குல இறுக்கமா ஏத்தும்போது அவுட்டர் ரிங் கொஞ்சம் சுருங்குது, கிராங்க்ல ஏத்தும்போது இன்னர் ரிங் கொஞ்சம் விரியுது, அதுக்கு மேல இஞ்சின் சூடு வேற. இது மூணும் சேந்து இடைவெளியத் தின்னுரும். சாதாரண பேரிங்கா இருந்தா தின்னது போக மிச்சமே இருக்காது, நிமிசத்துக்கு 12,000 சுத்துக்கு மேல போற இஞ்சின்ல அது காய்ஞ்சு பிடிச்சிரும். கையில வச்சு ஆட்டிப் பாக்கும்போது சி3 லேசா லொடலொடன்னு இருக்கும், அது அப்படித்தான் இருக்கணும், புது பேரிங்கே ஆடுதேன்னு திருப்பிக் குடுத்துறாதீங்க.

நம்பரப் பத்தியும் ஒண்ணு. 6201ன்னா உள் ஓட்ட 12 எம்எம், வெளி விட்டம் 32, அகலம் 10. 6202ன்னா 15, 35, 11. 6203ன்னா 17, 40, 12. உங்க ஊர்ல ஓடுற 52, 58 சிசி மெஷின்ல பெரும்பாலும் 6202தான் வருது, அதுக்காக ஞாபகத்துல வாங்காதீங்க, பழைய பேரிங்கத் தொடச்சு அதுல இருக்குற நம்பரப் பாத்து, வெர்னியர் வச்சு ஒரு தடவ அளந்துட்டு வாங்குங்க.

கேள்வி (மேலூர், ஐடிஐ முடிச்சவர்): அண்ணே, புது பேரிங்க கேசிங்குல வச்சு ஒரு பைப்ப மேல வச்சு சுத்தியல்ல தட்டித் தட்டித்தான் ஏத்துனேன். உக்காந்துருச்சு. ஆனா விரல விட்டு சுத்துனா எங்கயோ முள்ளு குத்துற மாதிரி தட்டுது. பேரிங் டூப்ளிகேட்டா இருக்குமோ?

பதில்: தம்பி, பேரிங் மேல பழியப் போடுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க, பைப்ப எந்த ரிங்கு மேல வச்சு அடிச்சீங்க? நீங்க எழுதியிருக்குறதப் பாத்தா சின்ன பைப்பு, இன்னர் ரிங்கு மேல பட்டிருக்கும்னு தோணுது. கேசிங்குல இறுக்கமாப் போறது அவுட்டர் ரிங்கு. நீங்க இன்னர அடிச்சா அந்த அடி நேரா பால் வழியாத்தான் அவுட்டருக்குப் போகும். பால் தொட்டுக்கிட்டு இருக்குற எடம் ஒரு புள்ளி அளவுதான், அந்தப் புள்ளியில அவ்வளவு அடியும் எறங்குனா ரிங்குல ஓடுதளத்துல குழி விழுந்துரும். கண்ணுக்குத் தெரியாது, ஆனா ஒவ்வொரு பாலும் அந்தக் குழியில விழுந்து எந்திரிக்கிறதத்தான் உங்க விரல் கண்டுபிடிச்சிருக்கு. அந்தப் பேரிங்க வச்சு மெஷின ஓட்டாதீங்க, வேற வாங்கிருங்க.

இதுல மனசுல வைக்க வேண்டியது, எந்த ரிங்கு இறுகுதோ அந்த ரிங்கதான் தள்ளணும். கேசிங்குக்குள்ள போறப்ப அவுட்டர், கிராங்கு மேல ஏறுறப்ப இன்னர். எந்த நேரத்துலயும் பால் வழியா பாரம் போகக்கூடாது.

ஆனா நான் சொல்றது, அடிக்கவே வேணாம். சூடு போதும். கேசிங் மக்னீசியக் கலவையோ அலுமினியமோதான் இருக்கும், பேரிங் எஃகு. சூடு பண்ணா மக்னீசியமும் அலுமினியமும் எஃகவிட ரெண்டு மடங்கு விரியும். கணக்குப் போட்டுப் பாருங்க. 35 எம்எம் குழி உள்ள மக்னீசியம் கேசிங்க நம்ம ஊரு 35 டிகிரியிலருந்து 125 டிகிரிக்குக் கொண்டு போனா அந்தக் குழி சுமாரா 0.08 எம்எம் பெருசாகுது, அலுமினியமா இருந்தா 0.07. பேரிங்க ஃப்ரீசர்ல வச்சு எடுத்தா அது ஒரு 0.02 எம்எம் சுருங்குது. ரெண்டையும் கூட்டுனா 0.1 எம்எம் கிட்ட வருது, பேரிங்கோட இறுக்கம் அதவிட ரொம்ப கம்மி. அப்புறம் எதுக்கு சுத்தியல்?

செய்யுற வெதத்தச் சொல்றேன். கேசிங்க டீசல்ல கழுவி, அதுக்கப்புறம் சோப்புத் தண்ணியில கழுவி நல்லா காயவைங்க. செயின் ஆயில் டேங்கு பெரும்பாலும் கேசிங்குலயே சேந்து இருக்கும், அதுல ஒரு சொட்டு எண்ணெயோ பெட்ரோல் வாடையோ இருக்கக்கூடாது, அடுப்புல வைக்கப் போறோம், ஞாபகம் இருக்கட்டும். ஆயில் சீல், ரப்பர் புஷ்ஷு, ஓஸு, பிளாஸ்டிக் எல்லாத்தையும் கழட்டிருங்க. பழைய கேஸ்கட் ஒட்டிக்கிட்டு இருந்தா பிளேடு வச்சு பைய சுரண்டி எடுங்க, அந்த முகத்துல கீறல் விழுந்தா பின்னால காத்து கசியும். பழைய பேரிங்கக் கழட்டுறதுக்கு முன்னாடியே அது எவ்வளவு ஆழத்துல உக்காந்திருக்குன்னு வெர்னியர்ல அளந்து எழுதி வச்சுக்கங்க, சில கேசிங்குல உள்ள படி இருக்காது, ஆழத்த நாமதான் பாத்து நிறுத்தணும்.

கழட்டுறதுக்கும் இதே சூடுதான். கேசிங் சூடானதும் துணி சுத்துன கையில எடுத்து ஒரு பலகை மேல தட்டையாத் தட்டுனா பழைய பேரிங் தானா கீழ விழுந்துரும். அப்ப அந்தக் குழிய நல்லாப் பாருங்க. பளபளன்னு தேஞ்சிருந்தா அவுட்டர் ரிங்கே கேசிங்குக்குள்ள சுத்தியிருக்கு.

புது பேரிங்க லேசா 2டி ஆயில் தடவி, பாலிதீன் கவர்ல காத்துப் போகாம கட்டி, ராத்திரியே ஃப்ரீசர்ல வச்சிருங்க. கவர் இல்லாம வச்சா வெளிய எடுத்ததும் வேர்த்து துருப்பிடிக்கும். கேசிங்க ஓடிஜி ஓவன் இருந்தா 120, 130 டிகிரியில அரைமணி நேரம். ஓவன் இல்லாத வீட்டுல கனமான தோசைக்கல்ல சின்ன தீயில வச்சு, அதுமேல கேசிங்க வச்சு, ஒரு பாத்திரத்தக் கவுத்து மூடிருங்க. தண்ணிய ஒரு சொட்டு கேசிங் மேல தெளிச்சா சுர்ருன்னு கொதிச்சு வத்தணும், முத்து மாதிரி துள்ளி ஓடுனா சூடு ரொம்ப அதிகம். சூடு பாக்குற கன்னு வச்சிருந்தா ரொம்ப நல்லது, ஆனா ஆளுக்கு நெத்தியில காட்டுற கன்னு வேலைக்கு ஆகாது, பட்டறைக்கு விக்கிறது வேணும். 130க்கு மேல போக அவசியமே இல்ல, பேரிங்குல பால்களப் பிடிச்சிருக்குற கூடு நைலானா இருந்தா அதுக்கு 120 டிகிரியே எல்லை.

இப்ப கேசிங்க எடுத்து மட்டமான பலகையில வைங்க, பேரிங்க ஃப்ரீசர்லருந்து எடுத்து நேரா குழி மேல விடுங்க. சரியா சூடாயிருந்தா டொக்குன்னு ஒரு சத்தத்தோட போயி அடியில உக்காரும். கோணலா நின்னுச்சுன்னா அடிக்காதீங்க, எடுத்துட்டு மறுபடி சூடு பண்ணுங்க. உக்காந்ததும் அவுட்டர் ரிங்கு மேல கைய எடுக்காம அரை நிமிசம் அழுத்திப் பிடிங்க, ஏன்னா கேசிங் சுருங்கும்போது பேரிங்க கொஞ்சம் மேல தள்ளப் பாக்கும். அழுத்துறதுக்கு ஒரு வழி சொல்றேன், பழைய பேரிங்க ஒடச்சு அவுட்டர் ரிங்க மட்டும் எடுத்து, அதோட வெளிப்பக்கத்த கிரைண்டர்ல சுத்தி லேசா தேச்சு வச்சுக்கங்க. அது அளவெடுத்து செஞ்ச அழுத்துற கருவி, உள்ள மாட்டிக்கவும் மாட்டாது. அது மேல ஒரு மரக்கட்டைய வச்சு அழுத்துனா அவுட்டர்ல மட்டும்தான் பாரம் விழும்.

ஆறுனதுக்கு அப்புறம் இன்னர விரலால சுத்திப் பாத்துட்டு, ரெண்டு சொட்டு 2டி ஆயில் விட்டு, துணி போட்டு மூடி வைங்க. கம்ப்ரஸர் காத்த பேரிங்குல அடிச்சு விர்ருன்னு சுத்த விடுற பழக்கம் நெறைய பேருக்கு இருக்கு, வறண்ட பேரிங்க அப்படி சுத்த விட்டா ஓடுதளம் கீறிப்போகும்.

கேள்வி (உசிலம்பட்டி வாசகர்): கேஸ் டார்ச்ச நேரா பேரிங் எடத்துல காட்டலாமா? மக்னீசியம் தீப்பிடிக்கும்னு பயமுறுத்துறாங்க. இல்லன்னா கடலை வறுக்குற மணல சூடாக்கி அதுல புதைச்சு வச்சா என்ன?

பதில்: மணல் வேணவே வேணாம். சூடு என்னமோ ஒரே சீராத்தான் ஏறும், ஆனா ஸ்க்ரூ ஓட்டையில, ஆயில் போற துவாரத்துல ஒரு மணல் துணுக்கு ஒளிஞ்சிருந்தாக் கூட புது பேரிங்குக்கு அதுவே எமன். டார்ச்சும் வேணாம், ஒரே எடத்துல சூடு ஏறுனா கேசிங் வளைஞ்சு ரெண்டு பாதியும் சரியா சேராது. தீப்பிடிக்கிறதப் பத்தி கேட்டீங்க, கட்டியா இருக்குற கேசிங் 130 டிகிரிக்கெல்லாம் பிடிக்காது, மக்னீசியம் உருகுறதுக்கே 650 டிகிரி வேணும். அதோட தூளும் சீவலும்தான் ஆபத்து. கேசிங்க கிரைண்டர்ல தேய்ச்ச எடத்துல விழுந்து கெடக்குற தூளு பொறி பட்டா பிடிச்சுக்கும், அதுல தண்ணி ஊத்துனா இன்னும் மோசமா எரியும், காஞ்ச மணலத்தான் போடணும். அடுப்பு மூட்டுறதுக்கு முன்னாடி பட்டறைய ஒரு தடவ கூட்டிருங்க.

கேள்வி (கே.புதூர் தொழிற்பேட்டையிலருந்து ஒருவர்): பேரிங் கையாலயே குழிக்குள்ள போயிருது. சுத்தி சென்டர் பஞ்ச் வச்சு புள்ளி குத்தி ஏத்தலாமா?

பதில்: பழைய பம்ப் செட்டுல செய்யுற வேலை அது. செயின்சாவுல அந்தப் புள்ளி மேடு எல்லாம் கொஞ்ச நேரத்துலயே நசுங்கிரும், பேரிங்கும் நடு மையத்துல நிக்காது. தேய்மானம் ரொம்ப லேசா இருந்தா பேரிங் ஒட்டுறதுக்குன்னே விக்கிற லாக்டைட் போடுங்க, ரெண்டு பக்கமும் எண்ணெய்ப் பசை இல்லாம தொடச்சு, அவுட்டர்ல மட்டும் மெல்லிசா தடவி, ஒரு துளி கூட பாலுக்குள்ள இறங்காமப் பாத்துக்கணும். பேரிங் லொடக்குன்னு ஆடுற அளவுக்குத் தேஞ்சிருந்தா கேசிங்க மாத்துறதத் தவிர வேற வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

கேள்வி (திருமங்கலத்துலருந்து டூவீலர் மெக்கானிக்): நான் டிவிஎஸ் 50, எக்ஸ்எல் சூப்பர் காலத்துலருந்து கிராங்க் வேலை பாத்தவன். செயின்சாவுல கேசிங் ரெண்டையும் சேத்து போல்ட்டு முறுக்குனதும் கிராங்க் கல்லு மாதிரி இறுகிப் போகுது. பேரிங் சி3தான், சூடு காட்டித்தான் இறக்குனேன். எங்க தப்பு?

பதில்: அண்ணே, நீங்க பேரிங்க கேசிங்குல சரியாத்தான் இறக்கியிருக்கீங்க. சிக்கல் அடுத்த படியில, கிராங்க இன்னர் ரிங்குக்குள்ள ஏத்துற எடத்துல. கிராங்க் முழுசா உள்ள போகாம இருக்கும்போதே கேசிங் போல்ட்ட முறுக்கி இழுத்திருப்பீங்க, அப்ப ரெண்டு பேரிங்கும் ஒண்ண ஒண்ணு பக்கவாட்டுல தள்ளிக்கிட்டு நிக்கும். டிவிஎஸ் 50லயும் இது நடக்கும், ஆனா செயின்சா கிராங்க் சின்னது, இடைவெளியும் கம்மி, அதனால ஒடனே காட்டிக் குடுத்துருது.

இங்கயும் சூடுதான் கை குடுக்கும். கிராங்க கவர்ல கட்டி ஃப்ரீசர்ல வைங்க. 15 எம்எம்முக்கு இம்மி கம்மியான தடியில ஒரு எஃகுத் துண்டு, இல்ல போல்ட்டு, இன்னருக்குள்ள லூசா போற அளவு எடுத்து அடுப்புல காய்ச்சி இன்னர் ஓட்டைக்குள்ள நிறுத்துங்க. ரெண்டு நிமிசத்துல இன்னர் தொட முடியாத சூடாகும், 110 டிகிரி வந்தா 0.013 எம்எம் விரியும், குளுந்த கிராங்க் 0.009 சுருங்கும். இது கேசிங் அளவுக்கு தாராளம் கிடையாது, அதனால வெரசா செய்யணும், துண்ட எடுத்ததும் கிராங்க நேரா விட்டுறணும். கடைசி ஒண்ணு ரெண்டு எம்எம் மிச்சம் நின்னா கிராங்க் முனையில பைப்பும் வாஷரும் போட்டு அதோட நட்டையே முறுக்கி இழுங்க, பைப்பு இன்னர் மேல உக்காரணும். முனையில சுத்தியல் மட்டும் வேணாம். கிராங்கோட ரெண்டு பக்கத் தட்டும் பிரஸ்ல சேந்தது, அடிச்சா ஒண்ணுக்கொண்ணு திரும்பிப் போகும். அப்புறம் லேத்துல வி பிளாக் வச்சு டயல் கேஜ் காட்டுனா 0.05 எம்எம் தாண்டி ஆடும், அந்த கிராங்க போட்டா எந்தப் பேரிங்கும் நிக்காது.

ரெண்டாவது பாதிய சேக்குறப்ப கேஸ்கட்ட வச்சு, அந்தப் பக்க இன்னரையும் அதே மாதிரி சூடு பண்ணி, கையாலயே முகத்தோட முகம் சேர்ற வரைக்கும் கொண்டு வந்துட்டுத்தான் போல்ட்டு. போல்ட்ட குறுக்கு மறுக்கா, கொஞ்சம் கொஞ்சமா. இப்பவும் கொஞ்சம் இறுக்கமா இருந்தா நைலான் சுத்தியல்ல கிராங்க் முனைய அங்கிட்டு ஒண்ணு இங்கிட்டு ஒண்ணு பைய தட்டிப் பாருங்க, சேதப்படுத்துற அடி இல்ல, பக்கவாட்டு அழுத்தம் விடுற அளவுக்கு மட்டும். சட்டுன்னு லேசாகிச் சுத்த ஆரம்பிக்கும். தட்டுனதுக்கு அப்புறமும் இறுக்கமாவே இருந்தா பிரிச்சுப் பாக்கணும்ணே, ஓட ஓட சரியாகும்னு விடாதீங்க.

கேள்வி (வாடிப்பட்டி, தென்னந்தோப்புக்காரர்): என்னுது சின்ன மெஷின். கேசிங் ரெண்டா பிளக்கவே இல்ல, அடியில நாலு போல்ட்டு மட்டும் இருக்கு. இதுக்கு எப்படி?

பதில்: உங்களுது அடியில ஒரு தட்டு மாதிரி பாதி, மேல சிலிண்டரோட பாதி, நடுவுல கிராங்க் படுத்திருக்குற ரகம். இதுல வேலை தலைகீழ். பேரிங்க மொதல்ல கிராங்க்ல ஏத்தணும், அதனால தள்ள வேண்டியது இன்னர் ரிங்கு. பேரிங்க ஓவன்ல 100, 110 டிகிரிக்கு சூடாக்கி குளுந்த கிராங்க்ல போட்டா போயி உக்காந்துரும். ஆயில் சீலையும் கிராங்க்லயே மாட்டி, மொத்தத்தையும் ஒண்ணாத் தூக்கி கேசிங்குல படுக்க வைப்பீங்க. கேஸ்கட் கிடையாது, ரெண்டு பாதிக்கும் நடுவுல சீலன்ட்தான். நம்ம ஆளுங்க எதுக்கெடுத்தாலும் அனாபாண்ட் பசைய பிதுக்கி அப்புறாங்க, இங்க சூடும் பெட்ரோலும் தாங்குறதா பாத்து வாங்கி, மயிரிழை அளவு மெல்லிசா போடணும். அதிகமா போட்டா உள்பக்கம் பிதுங்கி, ஒடஞ்சு, பேரிங்குக்குள்ளதான் போகும். பேரிங் அவுட்டர்லயோ, அது உக்கார்ற எடத்துலயோ சீலன்ட் படக்கூடாது. போல்ட்டு முறுக்குனதும் டப்பாவுல எழுதியிருக்குற நேரத்துக்கு அப்படியே விட்டுருங்க, அவசரப்பட்டு அன்னைக்கே ஸ்டார்ட் பண்ண வேணாம்.

கேள்வி (கொட்டாம்பட்டியிலருந்து ஒரு சகோதரி): ஐயா, என் வீட்டுக்காரர் மரம் அறுக்குற வேலை. சாயங்காலம் வந்தா விரலெல்லாம் மரத்துப் போச்சுங்குறாரு, சில நாள் விரல் நுனி வெள்ளையா ஆயிருது. மெஷின்ல ஏதாவது கோளாறா இருக்குமா?

பதில்: இருக்கலாம் தங்கச்சி, ஆனா மெஷினுக்கு முன்னாடி அவரப் பாக்கணும். நெடுநாள் அதிர்வுல விரலுக்குப் போற ரத்தக் குழாயும் நரம்பும் கெட்டுப்போகும், வெள்ளையாகுறது அதோட அடையாளம், தள்ளிப் போட்டா திரும்பி வராமலே போகலாம். தயவுசெஞ்சு மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி என்ன வேலை பாக்குறாருன்னு டாக்டர்கிட்ட சொல்லிக் காட்டுங்க. பீடி, சிகரெட் இருந்தா அது ரத்த ஓட்டத்த இன்னும் கெடுக்கும், அதையும் நிறுத்தணும்.

மெஷின்ல, பேரிங் ஆடுனா அதிர்வு கூடும்ங்கிறது உண்மை. அதவிட முக்கியமா, கைப்பிடிக்கும் இஞ்சினுக்கும் நடுவுல ரப்பர் புஷ்ஷு இல்லன்னா ஸ்பிரிங் இருக்கும், அதிர்வு கைக்கு வராமத் தடுக்குறதே அதுதான். அது கிழிஞ்சிருந்தா கைப்பிடிய ஆட்டும்போதே தெரியும். நெறைய பேரு அது கிழிஞ்சதும் போல்ட்டப் போட்டு இறுக்கி விட்டுறாங்க, அப்ப இஞ்சினோட அதிர்வு முழுசும் எலும்புக்குத்தான் போகுது. புஷ்ஷ மாத்தச் சொல்லுங்க, செயின கூரா வச்சுக்கச் சொல்லுங்க, ஒரே மூச்சா அறுக்காம நடுவுல கைய விட்டு ஓய்வெடுக்கச் சொல்லுங்க.

கேள்வி (நத்தம் வாசகர்): பேரிங், சீல் ரெண்டும் புதுசு. ஸ்டார்ட் ஆகுது, ஆனா ஆக்சிலேட்டர விட்டாலும் ரேஸ் இறங்க மாட்டேங்குது. கார்புரேட்டர் ஸ்க்ரூவ எங்கிட்டு திருப்புனாலும் நிக்கல.

பதில்: ஸ்க்ரூவத் திருப்புறத நிறுத்துங்க, மெஷினையும் நிறுத்துங்க. எங்கயோ காத்து உறிஞ்சுது. காத்து அதிகமானா ஆயில் கலந்த பெட்ரோல் கம்மியாகும், சூடு ஏறி பிஸ்டன் ஒட்டிக்கும், பேரிங் மாத்துன காசோட சிலிண்டர் காசும் போகும். பெரும்பாலும் சீல் மாட்டும்போதுதான் இது நடக்குது. கிராங்க்ல மேக்னட் வீலு நழுவாம பிடிக்கிற சின்ன இரும்புத் துண்டு (சாவி) உக்கார்ற பள்ளம் கூரா இருக்கும், அதத் தாண்டி சீலத் தள்ளும்போது உதடு கிழிஞ்சிரும். அந்த எடத்துல மெல்லிசா டேப்போ பாலிதீனோ சுத்தி, ஆயில் தடவித்தான் சீல ஏத்தணும். ஸ்பிரிங் தெரியுற பக்கம் இஞ்சின் உள்ளயப் பாத்து இருக்கணும், திருப்பிப் போட்டாலும் இதே கதைதான்.

கண்டுபிடிக்க ஒரு வழி. கார்புரேட்டரையும் சைலன்சரையும் கழட்டி, அந்த ரெண்டு வாயையும் ரப்பர் ஷீட்டு வச்சு போல்ட்டு போட்டு அடைங்க, பிளக்கு மாட்டியிருக்கட்டும். கார்புரேட்டருக்குப் போற சின்ன இம்பல்ஸ் வழியில ஒரு ஓஸ மாட்டி, டயல் வச்ச பழைய பிபி பாக்குற மெஷினோட பல்ப்பால காத்தடிங்க. 300ன்னு காட்டுறப்ப சுமாரா 0.4 பார் அழுத்தம், இந்த வேலைக்கு அது போதும். நிறுத்திட்டு முள்ளப் பாருங்க, அரை நிமிசத்துக்கு அசையாம நிக்கணும். இறங்குனா சீல், கேஸ்கட், பிளக்கு ஓரம்னு சோப்புத் தண்ணி தடவுங்க, நுரை வர்ற எடம்தான் குத்தவாளி. அழுத்தத்துக்கு நின்ன சீல் சில நேரம் உறிஞ்சும்போது விட்டுரும், அதனால கையால இழுக்குற வேக்வம் பம்ப் யாருகிட்டயாவது கெடச்சா அதையும் ஒரு தடவ போட்டுப் பாத்துருங்க.

கேள்வி (சோழவந்தான் வாசகர்): வருசா வருசம் பேரிங் போகுது. நல்ல கம்பெனி பேரிங்தான் போடுறோம். கிளட்ச் பக்கம்தான் மொதல்ல போகுது.

பதில்: கிளட்ச் பக்கம் மொதல்ல போகுதுன்னா செயின ரொம்ப இறுக்கி வச்சு ஓட்டுறீங்களான்னு பாருங்க. பாரோட அடியில செயின் தொட்டுக்கிட்டு இருக்கணும், ஆனா கையால இழுத்தா தடையில்லாம ஓடணும். மொக்கை செயின வச்சு அழுத்தி அறுத்தாலும் அந்தப் பக்கம்தான் பாரம் விழும்.

அப்புறம் ஆயில். பாட்டில் மூடியில குத்துமதிப்பா ஊத்துற பழக்கத்த விடுங்க. 25க்கு 1ன்னு போட்ட மெஷினுக்கு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி, 50க்கு 1ன்னு போட்டதுக்கு 20 மில்லி, மெடிக்கல்ல விக்கிற ஊசி சிரிஞ்ச வச்சு அளந்து ஊத்துங்க. இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலந்திருக்கு, அது காத்துல இருக்குற ஈரத்த இழுக்கும். கலந்து வச்ச பெட்ரோல மாசக்கணக்குல கேன்ல வச்சிருந்தா தண்ணி அடியில பிரிஞ்சு நிக்கும், அது போயி சேர்றது கிராங்க் கேசுக்குள்ள. மூடி இல்லாத பேரிங், வறண்டு போயி ஈரத்துல நின்னா துருப்புள்ளி விழுந்துரும், அடுத்த தடவ ஸ்டார்ட் பண்ணதும் அங்கருந்துதான் உரிய ஆரம்பிக்கும். வேலை இல்லாத மாசத்துல டேங்க காலி பண்ணி, கார்புரேட்டர்ல இருக்குறது தீர்ற வரைக்கும் ஓட விட்டு நிறுத்துங்க. பிளக்கு ஓட்டையில ஒரு ஸ்பூன் 2டி ஆயில் விட்டு கயித்த மெதுவா ரெண்டு மூணு தடவ இழுத்து வைங்க.

கேள்வி (மறுபடியும் மேலூர் தம்பி, தனி கடிதத்துல): புது பேரிங் போட்டதும் நேரா வேலைக்கு எடுத்துரலாமா?

பதில்: பேரிங்குக்கு ஓட்டப் பழக்கம்னு தனியா ஒண்ணும் வேணாம், பிஸ்டன் ரிங்கும் மாத்தியிருந்தாத்தான் அது. இருந்தாலும் மொத டேங்கு முழுக்க பாரத்தோட ஓட்டுங்க, வெறுமனே முழு ரேஸ் விட்டு வெளாடாதீங்க. டேங்கு தீந்ததும் ஆற விட்டு, கேசிங் போல்ட்ட ஒரு சுத்து பாத்துருங்க. மேக்னட் வீலக் கையில பிடிச்சு ஆட்டிப் பாருங்க, கிளட்ச் பக்கம் சீல் ஓரத்துல எண்ணெய் கசியுதான்னு தொட்டுப் பாருங்க. ரெண்டும் இல்லன்னா மறுநாள் தோப்புக்குக் கொண்டு போங்க.